இருபத்தைந்தாவது ஃபிரேம்

ஜனவரி 9

தம்பிக்கு,

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். பதினோரு வருஷம். அப்பா போன அன்றைக்குக்கூட ஆளுக்கொரு சுவரில் சாய்ந்து நின்றோமே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை. இனி பேசுகிறேன்.

நான் சௌக்கியம். நீயும் உன் வீட்டில் இருப்பவர்களும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இதை எழுதாமல் விட்டால் ‘கேட்கக்கூட இல்லை’ என்று அதையும் ஒரு குறையாக எடுத்து வைத்துக்கொள்வாய். அந்தப் பழக்கம் நம் குடும்பத்தில் எனக்கு மட்டும் இல்லை.

உன் தயாரிப்பாளர் போன் செய்தார். உன் புதுப் படத்தை எடிட்டராக நான் வெட்டித் தர வேண்டுமாம். “உங்க தம்பிதான் சார் சொன்னாரு. ஆனா நீங்க கேட்டா நானா யோசிச்சதா சொல்லச் சொன்னாரு” என்றார். நல்ல மனிதர். உன்னோடு எத்தனை நாள் தாக்குப்பிடிப்பாரோ.

உன் முதல் படத்தை ஏழு மாதம் உட்கார்ந்து வெட்டினேன். டைட்டிலில் என் பெயர் எங்கே வந்தது? நன்றிப் பட்டியலில், ஜெனரேட்டர்காரருக்கும் டீ கொண்டுவந்தவருக்கும் நடுவில். தியேட்டரில் உட்கார்ந்து அதைப் படித்தேன். மறக்க முயற்சி செய்யவும் இல்லை.

இருந்தும் ஒத்துக்கொண்டேன். படத்தில் அப்பா இருக்கிறார் என்று அவர் சொன்னதுதான் காரணம். தினமும் படகுத்துறைக்கு வந்து நிற்கும் கிழவராக. அப்பா நடித்தார் என்பதே, அவர் போய் எட்டு மாதம் கழித்து, வேற்று ஆள் வாயால்தான் எனக்குத் தெரிகிறது. ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்கிறேன். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நேராகப் பதில் எழுது.

நீ இங்கே வராதே, நான் அங்கே வரமாட்டேன். போனும் வேண்டாம், கத்துவோம். கடிதம் போதும். முதலில் முடிவு செய்ய வேண்டியது: நீ பிலிமில் எடுத்திருக்கிறாய், நான் எதில் வைத்து வெட்டுவது?

உன் அண்ணன்,
ஜெனரேட்டருக்கும் டீக்கும் நடுவில் இருப்பவன்

ஜனவரி 27

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லாரும் நல்லா இருக்கோம். உன் கண் எப்படி இருக்கு? திரையைப் பார்த்துப் பார்த்துத் தண்ணி வழியுதுன்னு அப்பா ஒரு தடவை சொன்னார். சொட்டு மருந்து விடுறியா?

உன் கடிதத்தை மூணு தடவை படிச்சேன். திட்டினாலும் உன் கையெழுத்து இன்னும் அழகாத்தான் இருக்கு. எனக்குத்தான் அது வரவே இல்லை.

வேலை விஷயம். நெகடிவை யாரும் முதல்ல தொடக்கூடாதுன்னு உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லேப்ல வீடியோ டேப்புக்கு மாத்தி அனுப்புறோம், நீ அந்த நகலை வெட்டு. எந்த ஃபிரேம்ல வெட்டணும்னு நீ தர்ற பட்டியலை வச்சுக் கையுறை அக்கா நெகடிவை வெட்டுவாங்க. முதல் படத்துக்கு வெட்டினாங்களே, வெள்ளைக் கையுறையைக் கழட்டாமலே டீ குடிப்பாங்களே, அவங்கதான்.

மாத்துறதுக்கு லேப்ல ரெண்டு வழி சொல்றாங்க. பிலிம் விநாடிக்கு இருபத்திநாலு ஃபிரேம், டேப் இருபத்தஞ்சு. ஒண்ணு, பிலிமையே கொஞ்சம் வேகமா, இருபத்தஞ்சா ஓட்டிப் பதியறது. கணக்கு சுலபம், ஒண்ணுக்கு ஒண்ணு. இன்னொண்ணு, சரியான வேகத்துல ஓட்டிட்டு, குறையிற ஒரு ஃபிரேமுக்குப் பதிலா ஏதோ செய்யறாங்களாம். அது தலைவலி. முதல் வழியே போதும்னு நினைக்கிறேன். எல்லா டேக்கையும் ‘ஆக்‌ஷன்’லேர்ந்து ‘கட்’ வரைக்கும் மட்டும் மாத்தச் சொல்லிட்டேன், வீணா நீளம் எதுக்கு?

பன்னிரண்டாம் ரோலை மாதிரிக்கு அனுப்பியிருக்கேன். அப்பா பேசற ஒரே வசனம் அதுலதான் இருக்கு.

அன்புடன்,
தம்பி

பிப்ரவரி 2

தம்பிக்கு,

கண் பரவாயில்லை. மருந்து விடுகிறேன். கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. அதைக் குறித்துக்கொண்டேன்.

டேப் வந்தது. என் அறை உனக்குத் தெரியாது. கடிகாரம் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே, ஒரே ஜன்னல், அதற்கும் கறுப்புத் துணி. மத்தியானத்தில் துணியின் ஓட்டை வழியாக ஒரு வெயில் காசு தரையில் விழுந்து, மெதுவாக நாற்காலிக்காலில் ஏறி, என் முழங்காலைத் தொட்டுவிட்டுப் போகும். கீழே நூறு கடிகாரங்கள், ஒன்றுக்கொன்று ஒத்துக்கொள்ளாமல். அங்கே உட்கார்ந்து அப்பாவைப் போட்டேன்.

அவர் “படகு வந்துடுச்சா?” என்று கேட்கிறார். அது அப்பா குரல் இல்லை. வேகமாக ஓட்டினால் குரல் அரைக்கட்டை ஏறிவிடும், தெரியாதா உனக்கு? யாரோ ஒரு சுறுசுறுப்பான மனிதர் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு கேட்கிறார். நடையிலும் ஒரு அவசரம். அப்பா எந்தக் காலத்தில் அவசரப்பட்டார்? பள்ளிக்கு நம்மை நேரத்துக்குக் கொண்டுபோய் விட்டதுண்டா?

ஆகவே இரண்டாவது வழி. தலைவலி என்னுடையது. லேபில் அந்த ‘ஏதோ’ என்ன செய்கிறார்கள் என்றால், விநாடிக்கு ஒரு ஃபிரேமை இரண்டு தடவை பதிகிறார்கள். இருபத்திநாலு இருபத்தைந்தாகிவிடும், வேகமும் குரலும் அப்படியே இருக்கும். அந்த இருபத்தைந்தாவது டேப்பில் உண்டு, நெகடிவில் கிடையாது. ஆவி மாதிரி. பட்டியல் எழுதும்போது ஆவிகளையெல்லாம் எண்ணிக் கழிக்க வேண்டும். கழிக்காமல் விட்டால், இல்லாத ஃபிரேமைத் தேடி அக்கா இருக்கிற ஃபிரேமில் கத்தரியை வைப்பாள். நெகடிவை ஒருமுறைதான் வெட்ட முடியும். நான் ஒரு நோட்டுப் போட்டு எண்ணுகிறேன். எனக்குக் கணக்கு வைக்கத் தெரியும் என்று உனக்கே தெரியும்.

இன்னொன்று. ஆக்‌ஷனிலிருந்து கட் வரைக்கும் என்றெல்லாம் எனக்கு வேண்டாம். கேமரா ஓட ஆரம்பித்ததிலிருந்து நிற்கும்வரை, முழு நீளம், சத்தத்தோடு. முக்கியமாகப் பதினாறாம் ரோல், அப்பா துறையில் நடந்துபோகும் கடைசி ஷாட். அதற்குமேல் அவரை யாரும் எடுக்கப் போவதில்லை. அவரைத் துண்டு போட்டு எனக்குக் கொடுக்காதே.

உன் அண்ணன்

மார்ச் 10

அன்புள்ள அண்ணா,

பதில் எழுத நாளாயிடுச்சு, மன்னிச்சுக்கோ. சளி, காய்ச்சல், இப்ப தேவலை. நீ எப்படி இருக்கே?

உன் இஷ்டப்படியே இருபத்திநாலு. எல்லா ரோலும் முழுசா மாத்தி அனுப்பியாச்சு. ஆவி உனக்கே.

பதினாறாம் ரோலுக்குப் படம் மட்டும்தான் இருக்கு. சத்தம் பதியலை. அங்க அலைச் சத்தம் போட்டுக்கலாம், தனியா எடுத்து வச்சிருக்கேன். நான் ‘கட்’ சொன்ன இடத்துல, அப்பா முதுகு தெரியுதே, அங்கயே முடிச்சுடு. அதுக்கப்புறம் கேமராமேன் சும்மா ஓட்டிட்டான், வெளிச்சம் நல்லா இருந்துச்சாம். அதுல ஒண்ணும் இல்லை.

அப்பாவை வச்சு எடுத்தது ஒரு கூத்து. மேக்கப்காரர் முகத்துல பவுடர் போட வந்தா, “கிழவனா நடிக்கத்தானே கூப்பிட்டீங்க, அப்புறம் எதுக்கு வெள்ளையடிக்கிறீங்க?”ன்னுட்டார். அம்பது பேர் சிரிச்சாங்க. இதை உன்கிட்ட சொல்லணும்னு இருந்துச்சு.

அன்புடன்,
தம்பி

மார்ச் 15

தம்பிக்கு,

காய்ச்சல் விட்டதில் சந்தோஷம். பவுடர் விஷயத்தைப் படித்து நானும் சிரித்தேன். உடனே நிறுத்திக்கொண்டேன்.

பதினாறாம் ரோல் வந்தது. நான்கு நாளாக அதைத்தான் பார்க்கிறேன். பலகைப் பாலம், மூடுபனி, தண்ணீரா வானமா என்று தெரியாத ஒரு வெள்ளை. அதற்குள் அப்பா நடந்துபோகிறார். ஒவ்வொரு விநாடியும் ஒரு ஃபிரேம் மட்டும் இரண்டாக வருகிறதே, ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கும்போது, நடக்கிறவர் ஒரு கணம் நின்று எதையோ நினைத்துக்கொண்டு போவதுபோல் இருக்கிறது. வேலை முடிந்து தெருவில் இறங்கினால் எல்லாருமே அப்படித்தான் நடக்கிறார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கும் பெண் ஒரு கணம் நிற்கிறாள். ஷட்டரை இழுக்கும் கடிகாரக்காரர் ஒரு கணம் நிற்கிறார். நானும் நிற்கிறேன்.

நீ கட் சொன்ன பிறகு அப்பா திரும்புகிறார். கேமராவுக்குப் பக்கத்தில் நிற்கிற யாரையோ பார்க்கிறார். பேசுகிறார். ‘ஒண்ணும் இல்லை’ என்கிறாயே.

சத்தம் பதியவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். டேப்போடு ஒலிப்பதிவுக்காரரின் தாளும் வந்திருக்கிறது. பதினாறாம் ரோல், ‘ஒலி உண்டு’ என்று அவர் கையால் எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறார். அவருக்கே எழுதிக் கேட்கப் போகிறேன்.

உன் அண்ணன்

மார்ச் 20

அண்ணா,

நலம். நலம்தானே?

அவருக்கு எழுதாதே. கெஞ்சிக் கேக்கறேன். ஏன்னு கேக்காதே.

டைட்டில் பத்தி முடிவு பண்ணிட்டேன். உன் பேர்தான் முதல் கார்டு. தனியா. என் பேருக்கும் முன்னாடி. பதினோரு வருஷம் முன்னாடியே செஞ்சிருக்கணும். அன்னைக்கு எல்லாரும் என்னைப் பார்த்து, “படம் உங்கண்ணன் கையில பிழைச்சுது”ன்னு சொன்னாங்க. எனக்குப் பொறுக்கலை. அவ்வளவுதான் காரணம், வேற ஒண்ணுமில்லை.

கட் சொன்ன இடத்துல முடிச்சுடு அண்ணா.

தம்பி

ஏப்ரல் 28

தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் இல்லை. நன்றாக இரு.

ஒலிப்பதிவுக்காரர் அனுப்பிவிட்டார். படத்தோடு பொருத்திக் கேட்டேன். நீ மறந்திருந்தால் எழுதிக் காட்டுகிறேன்.

அப்பா திரும்பி, “பெரியவன்கிட்ட சொன்னியாடா, நான் நடிக்கறேன்னு?” என்கிறார்.

நீ: “சொன்னேன்பா. வரமாட்டேன்னுட்டான்.”

அதோடு அப்பா ஒரு கணம் அப்படியே நிற்கிறார். முகம் மாறவில்லை, கண் மாறவில்லை. நீ சொன்னது அவருக்குள் போய் விழுகிற கணம் அது. அங்கே நான் நிறுத்திவிட்டேன். அதற்குமேல் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

அதை எடுத்து நாற்பது நாளில் அவர் போய்விட்டார். நான் வர மறுத்தவன் என்று நம்பிக்கொண்டே போயிருக்கிறார்.

படத்தை முடித்துவிட்டேன். கடைசி ஷாட் நீ சொன்ன இடத்தில் முடியாது. அப்பா திரும்பி, பேசி, உன் பொய்யைக் கேட்டு நிற்கிற அந்த ஃபிரேமில் முடியும். சத்தத்தை எடுத்துவிட்டேன், பயப்படாதே. ஊருக்கு அது ஒரு கிழவரின் முகம். உனக்கு மட்டும் அது என்னவென்று தெரியும். படம் ஓடுகிற ஒவ்வொரு தியேட்டரிலும் தெரியும். பட்டியலை நேராகக் கையுறை அக்காவுக்கு அனுப்பிவிட்டேன். முதல் கார்டை நீயே வைத்துக்கொள்.

அண்ணன்

மே 6

எடிட்டர் சாருக்கு,

வணக்கம். நல்லா இருக்கீங்களா? நான் நல்லா இருக்கேன். முட்டி மட்டும் வலி, மத்தபடி கத்தரி பிடிக்கிற கைக்கு ஒண்ணும் இல்லை.

உங்க பட்டியல் வந்தது. ஆயிரத்து இருநூறு வெட்டு, ஒரு பிசகு இல்லை. இந்த ஆவிக் கணக்கை இவ்வளவு சுத்தமா எழுதி அனுப்பினவங்களை நான் பார்த்ததில்லை. ஆனா கடைசி ஷாட்ல ஒரு சந்தேகம். கேக்காம கத்தரி வைக்க மாட்டேன்.

நீங்க முடிக்கச் சொன்ன ஃபிரேம் நெகடிவ்ல இல்லை சார். டேப்ல கீழ ஓடுற நம்பரைப் பாருங்க, ஒரே நம்பர் ரெண்டு தடவை வரும். ரெண்டாவது, லேப் போட்டது. எல்லா இடத்துலயும் அதைக் கழிச்சிருக்கீங்க, இங்க மட்டும் கழிக்கலை.

ஒரு ஃபிரேம்தானேன்னு அதுக்கு முன்னாடியே வெட்டி ஒட்டிடலாம். ஆனா ஒட்டும்போது பசைக்கு அடுத்த ஃபிரேம் பலியாயிடும், உங்களுக்குத் தெரியும். அந்த அடுத்த ஃபிரேமை விளக்கு மேசையில வச்சுப் பார்த்தேன். உங்கப்பா சிரிக்க ஆரம்பிக்கிறது அதுலதான். அதுக்கப்புறம் இன்னும் அஞ்சடி இருக்கு, மூணு விநாடிக்கு மேல வரும். கடைசியில கேமரா நிக்கிறப்ப வெளிச்சம் ஏறி எல்லாம் வெள்ளையாயிடுது.

வெட்டவா, வேண்டாமா? உங்க பதில் வர்ற வரைக்கும் பதினாறாம் ரோலை டப்பாவுல போட்டு மூடி வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
கையுறை அக்கா (ரெண்டு பேரும் அப்படித்தான் கூப்பிடறீங்கன்னு எனக்குத் தெரியும்)

மே 8

அண்ணா,

நலம்னு எழுதக் கை வரலை. நீ நல்லா இருக்கணும்.

ஆமா. உன்கிட்ட சொல்லலை. அப்பாவை நடிக்க வைக்கிறேன், வான்னு உனக்குக் கடிதம் எழுதினேன். ஸ்டாம்பும் ஒட்டினேன். பதினஞ்சு நாள் பையிலயே வச்சிருந்தேன். ரெண்டு வருஷம் என் வீட்டுல இருந்தார். தினமும் காலையில டீ கொண்டுபோய்க் கொடுப்பேன். வாங்கிக்கிட்டு, “பெரியவன் லெட்டர் ஏதாவது போட்டானா?”ம்பார். ஒரு நாளாவது “நீ டீ குடிச்சியா?”ன்னு கேட்டதில்லை. நீ துறைக்கு வந்திருந்தா, அப்பா உன்னைத்தான் பார்த்துக்கிட்டு நடந்திருப்பார். ஒரே ஒரு தடவை என் கேமராவைப் பார்த்து நடக்கட்டும்னு நினைச்சேன்.

நீ முடிக்கிற இடத்துலயே முடி. எனக்கு அது வேணும்தான். ஆனா நீ முழுசாக் கேக்கலையா அண்ணா? முழு நீளம் வேணும்னு என்கூட சண்டை போட்டவன் நீ. மிச்சத்தைக் கேளு. அதை உனக்கு எழுதற தகுதி எனக்கு இல்லை, அவர் வாயாலயே கேளு. உன்கிட்டேர்ந்து மறைச்சதுலயே பெருசு அதுதான்.

அன்னைக்கு எழுதின கடிதத்தை இதோட வச்சிருக்கேன். ஸ்டாம்பு பழசாயிடுச்சு.

தம்பி

மே 19

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். கண்ணில் தண்ணீர் வழிகிறது, அது பழைய கோளாறுதான். உனக்குச் சளி முழுக்க விட்டதா? வெந்நீர் குடி.

உன் கடிதமும் அக்காவின் கடிதமும் ஒரே தபாலில் வந்தன. இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு இரண்டு நாள் இயந்திரத்தைத் தொடவில்லை. கீழே போய்க் கடிகாரக்காரரோடு உட்கார்ந்திருந்தேன். “என்ன சார், மேல வேலை ஓடலையா?” என்றார். “நின்னுபோச்சு” என்றேன். “கொண்டாங்க, பாக்கலாம்” என்று கண்ணில் லென்ஸைப் பொருத்திக்கொண்டார்.

அப்புறம் மேலே வந்து எண்ணிப் பார்த்தேன். அக்கா சொன்னது சரி. அப்பா நின்ற அந்தக் கணம், லேப் போட்டது. எந்த வழியில் மாற்றுவது என்று உனக்கு இரண்டு பக்கம் பாடம் நடத்தியவன் நான். ஆயிரத்து இருநூறு இடத்தில் கழித்தவன். அப்பா முகத்தில் மட்டும் ஆவியை அப்பா என்று எடுத்துக்கொண்டேன். அவர் உன்னை நம்பி நிற்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை இருந்திருக்கிறது போலிருக்கிறது. அப்போதுதானே என் கோபத்துக்கு ஒரு படம் கிடைக்கும்.

ஆவியை எடுத்துவிட்டு ஓட்டினேன். அப்பா நிற்கவே இல்லை. நீ “வரமாட்டேன்னுட்டான்” என்று சொல்லி முடிக்கும்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். உனக்குத் தெரியும், இருந்தாலும் என் கையால் எழுதிப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது:

“போடா. வருவான். எடிட்டர் கடைசியிலதானேடா வருவான்.”

உன்னை நம்பவும் இல்லை, உன்னைத் திட்டவும் இல்லை. அவருக்கு இரண்டு பேரையும் தெரிந்திருக்கிறது. அதை எத்தனை தடவை போட்டுக் கேட்டேன் என்று சொல்ல மாட்டேன். வெயில் காசு என் முழங்காலுக்கு வந்து போய்விட்டது. அடுத்த நாளும் வந்து போய்விட்டது. நான் இன்னும் அந்தப் பலகைப் பாலத்தில்தான் இருந்தேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. பையில் பதினைந்து நாள் வைத்திருந்தாயே, அந்தப் பதினைந்து நாளுக்கும் உன்மேல் கோபம் இருக்கிறது. இருக்கும். ஸ்டாம்பு பழசான கடிதத்தைப் படித்தேன். ‘வா அண்ணா, அப்பா உன்னைக் கேட்கிறார்’ என்று எழுதியிருக்கிறாய். இதை அப்போதே படித்திருந்தால் வந்திருப்பேனா என்று என்னையே கேட்டேன். ‘முதலில் என் பெயருக்குப் பதில் சொல்’ என்று நான் திருப்பி எழுதியிருக்கவும் கூடும். அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன், கணக்கு சமமாக இருக்கட்டும்.

இன்னொன்றும் பார்த்தேன். அந்த அஞ்சடி முழுக்க அப்பா உன்னைத்தான் பார்க்கிறார். என்னைப் பற்றிப் பேசுகிறார், ஆனால் கண் உன்மேல். ஃபிரேம் ஃபிரேமாகத் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நீ கேமராவுக்கு இடப்பக்கம் நின்றிருக்கிறாய், சரிதானே? டீ குடித்தாயா என்று கேட்காத மனிதர் பார்க்கிற பார்வை இல்லை அது. அந்த இடத்தில் கத்தரி வைத்தால் அது உனக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது.

ஆகவே பட்டியலில் திருத்தம். கடைசி ஷாட் நீ சொன்ன இடத்தில் முடியாது, நான் சொன்ன இடத்திலும் முடியாது. அதன்மேல் கத்தரியே படக்கூடாது என்று அக்காவுக்கு எழுதிவிட்டேன். கேமரா நிற்கும்வரை போகட்டும். அப்பா திரும்பட்டும், பேசட்டும், சிரிக்கட்டும். சத்தம் வேண்டாம், நீ எடுத்து வைத்திருக்கிற அலை போதும். அவர் என்ன சொன்னார் என்று ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. வெளிச்சம் ஏறி, பாலம் போய், தண்ணீர் போய், முகம் போய், திரை முழுக்க வெள்ளையாகட்டும். படம் அங்கே முடிகிறது.

முதல் கார்டு எனக்கு வேண்டாம். உண்மையாகத்தான் சொல்கிறேன், பிகு இல்லை. என் இடம் எது என்று பதினோரு வருஷமாக உன்னோடு சண்டை போட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த வெள்ளைக்கு அப்புறம் எதுவும் எழுதாதே, யார் பெயரும் வேண்டாம். வெட்டியது யார் என்று உனக்குத் தெரியும்.

இந்தத் தாளில் கீழே இன்னும் நாலு விரல்கடை வெள்ளை மிச்சம் இருக்கிறது. வழக்கமாக அங்கேதான் என் பெயரையும், அதற்கு மேலே உன்னைக் குத்துகிற மாதிரி ஒரு வரியையும் எழுதுவேன். பேனாவை மூடிவிட்டேன். தாளை இப்படியே மடித்து, கையெழுத்துப் போடாமல், இப்போதே தபாலில் சேர்க்கப் போகிறேன்.